தூக்கத்தைச் சேர்த்து வைக்கப் போனவர்

இந்தக் கதையில் வருகிற மனிதர் தம் வாழ்நாளில் தூக்கம் வராமல் தவித்தது ஒரே ஒரு இடத்தில்தான். அது தூக்க ஆராய்ச்சி நிலையம்.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, ஏன் இன்னும் வரவில்லை என்பதை மைக்கில் சொல்லுகிற வேலை. குரல் நல்ல குரல். வண்டி ரத்து என்று அவர் சொன்னால்கூட ஜனங்கள் ஏதோ பரிசு விழுந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒவ்வொரு அறிவிப்பையும் “தாமதத்திற்கு வருந்துகிறோம்” என்று முடிப்பார். ஒரு நாளும் வருந்தியது கிடையாது. மைக்கை அணைத்த கையோடு தூங்கிவிடுவார்.

தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம். மேசை, சுவர், பக்கத்தில் நிற்பவர் தோள், எது கிடைத்தாலும் சரி. பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போய், எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் டாக்டர் தமக்குப் பிடித்த பல்லைப் பிடுங்கி அனுப்பினார். சொந்தக் கல்யாணத்தில் எடுத்த படங்கள் அத்தனையிலும் கண் மூடியிருக்கிறது. ‘பாவம், கூச்ச சுபாவம்’ என்று அவர் மனைவி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இவருக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அன்றைக்கே அப்பாவை உட்கார வைத்து, தூங்கிவிடாமலிருக்கக் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்பா, எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். நீங்க முழிச்சுக்கிட்டு நின்னு, உங்க கையால என் கையைப் பிடிச்சு அவர் கையில குடுக்கணும். பள்ளிக்கூடத்துல நான் பரிசு வாங்கினப்போ தூங்கினீங்க. பட்டம் வாங்கினப்போ குறட்டையே விட்டீங்க. இதுலயும் தூங்கினீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்.”

“அதெப்படிம்மா தூங்குவேன்?” என்றார் அறிவிப்பாளர், கொட்டாவியை விழுங்கிக்கொண்டு.

சொல்லிவிட்டாரே தவிர, நம்பிக்கை இல்லை. தம்மைப் பற்றி அவருக்குத் தெரியாதா? அந்தச் சமயம் பார்த்துத்தான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். தூக்கத்தையும் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தையும் ஆராய்கிற நிலையத்தில், ஜனங்களின் தலையில் ஒயர் ஒட்டுகிற வேலை அவனுக்கு.

“மாமா, எங்க ஆபீசுக்கு நல்லாத் தூங்கறவர் ஒருத்தர் வேணுமாம். தூக்கம் வராதவன்தான் வரிசையில வந்து நிக்கிறான். ஒழுங்காத் தூங்கறவன் உடம்பு எப்படி ஓடுதுன்னு பார்த்தாத்தானே மத்தவனைச் சரி பண்ணலாம்? ஒரே வாரம். கல்யாணத்துக்கு நாள் கிடக்கு. வேணுங்கிற தூக்கத்தை அங்கேயே தூங்கிச் சேர்த்து வச்சுக்கிட்டு வந்தீங்கன்னா, மேடையில கண்ணு கொட்டாம நிக்கலாம்.”

“சேர்த்து வைக்க அது என்ன தண்ணித் தொட்டியாடா?” என்றாள் அக்கா. “நீ யோசனை சொல்லி உருப்பட்ட காரியம் ஒண்ணு சொல்லு, பார்ப்போம்.”

அறிவிப்பாளருக்கோ யோசனை பிடித்துப்போயிற்று. கொஞ்சம் வேட்டி சட்டை, ஒரு தலையணை. கிளம்பிவிட்டார்.

நிலையத்து வாசலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கினார்கள். கைப்பேசியை வாங்கினார்கள். சட்டைப் பையில் பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது. அதில் தேதி அச்சாகியிருக்கிறது என்று சொல்லி, இடுக்கியால் பிடித்துக் கொண்டுபோய் எரித்தார்கள்.

அறையில் ஜன்னல் இல்லை. வெளிறிய பச்சைச் சுவர், ஒரு கட்டில், எப்போதும் ஒரே மாதிரி மங்கலாக எரிகிற விளக்கு. சாப்பாடு என்று வந்தது ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, ஏதோ ஒரு சூப். அடுத்த வேளையும் அதுதான். அதற்கடுத்த வேளையும் அதுதான். எந்த வேளைச் சாப்பாடு என்று நாக்குக்குக்கூடத் தெரியக் கூடாதாம்.

மச்சான் உள்ளே வந்தபோது அறிவிப்பாளருக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் நிறையக் கருப்புத் தாடி.

“என்னடா இது?”

“ஒட்டுத் தாடி, மாமா. நிலையத்துல ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே தாடி. முகத்துல முடி எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்த்து நீங்க நேரம் கண்டுபிடிச்சுடக் கூடாதுல்ல? பொம்பளைங்க எல்லாரும் தலையில துண்டு கட்டியிருப்பாங்க. குளிச்சுட்டு வந்தாங்களா, குளிக்கப் போறாங்களான்னு தெரியக் கூடாது.”

“சரி, இப்போ காலையா சாயங்காலமா?”

காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில் அடித்தது. அறிவிப்பாளர் துள்ளி விழுந்தார். மூலையில் முக்காலி போட்டு, தலையில் துண்டோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நேரக் காவலர் என்று பதவி. யாராவது காலை, மாலை, நேற்று, நாளை என்று வாயெடுத்தால் விசில் ஊதுவது அவள் கடமை. ஊதிவிட்டு மறுபடியும் சிலை மாதிரி ஆகிவிடுவாள்.

“இங்க அந்த வார்த்தையெல்லாம் கூடாது, மாமா,” என்று மச்சான் காதோடு சொன்னான். “வெளியில நீங்க வெயிலைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்துத் தூங்கறீங்க. அதெல்லாம் இல்லாட்டி உடம்பு தானா எப்போ தூங்கும், எப்போ முழிக்கும்? அதான் ஆய்வு. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க.”

அறிவிப்பாளர் படுத்தார். தலை தலையணையில் பட்டதும் கண் சொருகியது. உடனே யாரோ தோளைத் தட்டினார்கள். மச்சான்தான், கையில் கண்ணாடிக் குழாயோடு.

“துப்புங்க மாமா.”

“என்னது?”

“எச்சில். இருட்டினா நம்ம மூளைக்குள்ள மெலடோனின்னு ஒண்ணு ஊறும். அது ஊறினாத்தான் உடம்புக்கு ராத்திரி வந்த சேதி தெரியும். வெளிச்சம் பட்டா ஓடிடும். எவ்வளவு ஊறியிருக்குன்னு எச்சில்ல பார்த்துடலாம்.”

அவன் ராத்திரி என்றதற்கு ஒரு விசில் அடித்தது. அறிவிப்பாளர் துப்பினார். மறுபடியும் கண்ணை மூடினார். வேறொரு தாடி வந்து எழுப்பிற்று.

“ஐயா, நீங்க தூங்கறீங்களா?”

“தூங்கினேன்.”

“இப்போ?”

“இப்போ எழுப்பிட்டியே.”

“அப்போ தூங்கலைன்னு போட்டுக்கறேன்,” என்று தாடி குறித்துக்கொண்டு போயிற்று.

இப்படி ஒரு தாடி எழுப்பிக் கேட்பதும், இன்னொரு தாடி எழுப்பித் துப்பச் சொல்வதும், மூன்றாவது தாடி கழன்ற ஒயரை ஒட்டுவதுமாகப் போயிற்று. அடுத்து எவன் வருவானோ என்று காத்திருந்து காத்திருந்து, பல் டாக்டர் நாற்காலியில் தூங்கிய மனிதருக்குத் தூக்கம் பறந்துவிட்டது. எவ்வளவு காலம் பறந்தது என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் அங்கே ஆளில்லையே. ஒரு வாரம் ஆகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு ஒரு மாதம் ஆகியிருக்கும் என்று தோன்றியது. கல்யாணம் முடிந்தே போயிருக்குமோ என்று நினைத்தபோது எழுந்து கதவைத் தட்டினார்.

“என்னை விட்டுடுங்க,” என்று அவர் கத்திய கத்தலில் இயக்குநரே நேரில் வந்தார்.

இயக்குநருடைய தாடி நிஜத் தாடி. வேர்வரை மை பூசியிருந்தார். வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து, நெடுநாள் சிநேகிதர் மாதிரி அறிவிப்பாளர் முழங்காலைத் தட்டினார்.

“உங்களை யாராவது கட்டிப் போட்டிருக்கோமா? ஆய்வு முடிஞ்சதும் தாராளமாப் போகலாம்.”

“எப்போ முடியும்?”

விசில் அடித்தது.

“சரி, முடிஞ்சதும் சொல்லுவீங்களா?”

“அதெப்படிச் சொல்ல முடியும்?” இயக்குநர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “முடிஞ்சுடுச்சுன்னு சொன்னா ஒரு வாரம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோகும். அது நேரம் சொன்ன குத்தம். ஆய்வு கெட்டுடும். கெட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்லாம இருக்கோம்.”

“அப்போ நான் எப்படித்தான் வெளியே போறது?”

“ஒரே வழி. இயற்கையா, யாரும் எழுப்பாம, ஒரு முழுத் தூக்கம் தூங்குங்க. அதை வச்சு நாங்க முடிச்சுக்கறோம். அப்படித் தூங்கறீங்களான்னு பார்க்கத்தான் அப்பப்போ எழுப்பறோம்.”

அறிவிப்பாளர் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விளக்கம் சொல்ல ஆள் கிடைத்ததும் இயக்குநருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“முதல்ல ஆய்வுக்கு வர்றவங்க அறையில மட்டும்தான் கடிகாரத்தை எடுத்தோம். ஊழியர் மூஞ்சியில வீட்டுக்குப் போற களை வந்ததைப் பார்த்தே ஒருத்தன் நேரத்தைக் கண்டுபிடிச்சுட்டான். அதனால கட்டடம் முழுக்க எடுத்தோம். அப்புறம்தான் அதோட அருமை தெரிஞ்சுது. இங்கே யாரும் லேட்டா வர்றதில்லை. எந்த அறிக்கையும் தாமதமாகிறதில்லை. ‘இன்னுமா ஆய்வு முடியலை?’ன்னு மேலிடம் கடுதாசி போட்டுது. அதுல தேதி இருந்தது. விதிப்படி எரிச்சோம். எனக்கே ஒண்ணு வந்தது, ‘இந்த நாளோட நீங்க ஓய்வு பெறணும்’னு. அதுலயும் தேதி! எனக்கு மட்டும் சலுகையா? விதின்னா விதிதான். என் கையாலயே எரிச்சேன்.”

“நீங்க எவ்வளவு காலமா ஐயா இங்கே இருக்கீங்க?”

விசில் அடித்தது. இயக்குநர் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

“பார்த்தீங்களா? அந்தக் கேள்வியே இங்க கிடையாது.”

அவர் போனதும் அறிவிப்பாளர் மச்சானின் தாடியை எட்டிப் பிடித்தார். “என்னை ஏன்டா இங்கே கொண்டுவந்து தள்ளினே?”

தாடி பாதி கையோடு வந்தது. உள்ளே மச்சானின் முகம் அழுகிற முகமாக இருந்தது.

“புது ஆள் பிடிச்சுட்டு வான்னு அனுப்பறப்போதான் மாமா எங்களை வெளியவே விடுவாங்க. எனக்கும் வீட்டைப் பார்க்கணும்போல இருந்துது. தப்புதான்.”

அறிவிப்பாளர் தாடியை மறுபடி ஒட்டிவிட்டார். வேறு என்ன செய்வது?

மனைவி பார்க்க வந்தாள். கம்பி போட்ட சின்னத் திறப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர், நடுவில் விசில்.

“என்னங்க இப்படி ஆயிட்டீங்க? கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருக்கு. நேத்து—”

விசில்.

“இந்தம்மா எதுக்கு ஊதுறா? நான் என்ன பந்து விளையாடவா வந்தேன்? நாளைக்கு—”

விசில்.

“கல்யாணம்?” என்றார் அறிவிப்பாளர், கம்பியைப் பிடித்துக்கொண்டு. “நம்ம பொண்ணு கல்யாணம்...”

“அதைச் சொல்லத்தான் வந்தேன்! அந்த மண்டபத்துல—”

முடிந்ததையும் சொல்லக் கூடாது, வரப்போவதையும் சொல்லக் கூடாது என்று விசில் விடாமல் அடித்தது. அவள் உதடு அசைந்ததே தவிர ஒரு சொல் காதில் விழவில்லை. அறிவிப்பாளர் அவளை உற்றுப் பார்த்தார். புதுப் புடவை. கல்யாணத்துக்கு உடுத்திப் பழகுகிறாளா, கல்யாணத்தில் உடுத்தியதைத்தான் மறுபடி உடுத்தியிருக்கிறாளா? கண் சிவந்திருந்தது. அலைச்சலா, மகளை அனுப்பிவைத்த அழுகையா? ஒன்றும் விளங்கவில்லை. திறப்பைச் சாத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவர் கத்தவில்லை. துப்பச் சொன்னால் துப்பினார். தூங்குகிறீர்களா என்றால் இல்லை என்றார். மகள் பேச மாட்டேன் என்று சொன்னதை மட்டும் சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆள் அடங்கிவிட்டதைப் பார்த்து இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. மற்ற அறைகளிலும் ஒருவனுக்கும் தூக்கம் வரவில்லை. “உங்க குரலைக் கேட்டா ஊரே மயங்குமாமே? எல்லா அறைக்கும் கேக்கற மாதிரி நாலு வார்த்தை இதமாப் படிங்க,” என்று அறிவிப்பாளரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மைக் முன்னால் உட்கார வைத்தார். படிக்க வேண்டியதை அவரே எழுதிக் கொடுத்தார்: ‘இங்கே நேரம் இல்லை. அவசரம் இல்லை. உறங்குங்கள்.’

அறிவிப்பாளர் மைக்கைப் பார்த்தார். பிறந்த வீட்டு மனிதரைப் பார்த்த மாதிரி இருந்தது. கை தானாகப் பொத்தானை அழுத்திற்று. வாய் தானாகத் திறந்தது.

“அன்பான கவனத்திற்கு. பணிநேரம் முடிந்துவிட்டது. ஊழியர்கள், ஆய்வுக்கு வந்தவர்கள் அனைவரும் முன்வாசல் வழியாக அவரவர் வீடுகளுக்குப் புறப்பட வேண்டுகிறோம். தாமதத்திற்கு வருந்துகிறோம்.”

 எங்கோ ஒரு கதவு திறந்தது. அப்புறம் எல்லாக் கதவும் திறந்தன. தாடிகள் பறந்தன. துண்டுகள் அவிழ்ந்தன. தலையில் ஒயர் தொங்க, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் யாரோ ஓடினார்கள். வாசல் காவலாளி எல்லாருக்கும் முன்னால் ஓடினான். இப்படிச் சொல்ல ஒரு குரல் வராதா என்று அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“நில்லுங்க! பொய்! இன்னும் நேரம் ஆக—” என்று இயக்குநர் வாயெடுத்தார்.

ஓடிவந்த நேரக் காவலர் அவர் முகத்துக்கு நேராக விசிலை ஊதினாள். விதி விதிதானே. நேரம் ஆகவில்லை என்று சொன்னாலும் அது நேரம் சொன்னதுதான். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் அவள் ஊதினாள். அந்த இடைவெளியில் அறிவிப்பாளர் வெளியே வந்துவிட்டார்.

வெளியே வானம் சிவந்திருந்தது. விடிகிற சிவப்பா, பொழுது சாய்கிற சிவப்பா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓட்டமும் நடையுமாகத் தம் தெருவுக்குள் நுழைந்தபோது, வீட்டு முகப்பில் ஏணி போட்டு ஒருவன் சீரியல் விளக்குச் சரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதிச் சரம் சுவரில், பாதிச் சரம் தரையில். மாட்டுகிறானா, கழற்றுகிறானா?

கேட்டுவிடலாம். வாயைத் திறந்தார். பின்னால் விசில் அடிக்குமோ என்று கழுத்து தானாகத் திரும்பிற்று. யாரும் இல்லை. இருந்தும் ஏணியடியில் வெகுநேரம் நின்றார்.

“என்ன பெரியவரே, அப்படியே நிக்கறீங்க? அந்த நுனியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க,” என்றான் மேலே இருந்தவன். “நாளைக்குக் கல்யாணம். பொண்ணோட அப்பா எங்கேயோ தூங்கப் போயிட்டாராம். எல்லா வேலையும் என் தலையில.”

அறிவிப்பாளர் சரத்தின் நுனியை எடுத்துக் கொடுத்தார். 

மறுநாள் மண்டபத்தில் அவர் வாசலில் நின்று வரவேற்றார், பந்தியைப் பார்த்தார், மகளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை அகல விரித்துக் காட்டினார். அவளும் சிரித்தாள். மகளை மேடைக்கு அழைத்து வருவதற்குள் கால் கடுக்கிறதே என்று முன்வரிசை நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். அந்த நிலையத்தில் விட்டுப்போன தூக்கம் அத்தனையும் வழி விசாரித்துக்கொண்டு வந்து அவர்மேல் விழுந்தது.

அதே சமயம் இயக்குநரும் உள்ளே நுழைந்தார். ஓடிப்போனவரைத் தேடிவந்திருக்கிறார். வழியில் தேதி கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கருப்புக் கண்ணாடி, காதில் பஞ்சு. பின்னாலேயே முக்காலியும் விசிலுமாக நேரக் காவலர்.

“அடடா! இயற்கையான தூக்கம்!” கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இயக்குநர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார். “யாரும் கிட்ட வராதீங்க! தொடாதீங்க! நிலையத்துக்கே கிடைக்காத தூக்கம் இது! ஒயரை ஒட்டுய்யா!”

பெண்ணின் தாய்மாமனாகப் பட்டுச் சட்டையில் நின்ற மச்சான், பழக்க தோஷத்தில் ஓடிவந்து மாமா தலையில் ஒயரை ஒட்டினான். மண்டபத்துக் கடிகாரத்தை இறக்கித் துணி போட்டு மூடினார்கள். மாப்பிள்ளையின் அப்பா, “நேரமாகுதே,” என்றார். விசில் அடித்தது. வீடியோக்காரர், “ஐயா, சீக்கிரம்,” என்றார். அதற்கும் அடித்தது. கூட்டம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துவிட்டது. மேடையில் மகள் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா குறட்டை விட்டார்.

“இவர் தானா எழுந்திருக்கிறவரைக்கும் கல்யாணம் நிக்கட்டும்,” என்றார் இயக்குநர். “விஞ்ஞானத்துக்காக ஒரு கல்யாணம் காத்திருக்கக் கூடாதா?”

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். நேராக முக்காலியிடம் போனாள். நேரக் காவலரின் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினாள். புடவையில் ஒரு துடை துடைத்தாள். புருஷன் காதருகே குனிந்து, தம் கட்டி, ஒரே ஊது.

வாழ்நாளெல்லாம் ரயில் கார்டின் விசிலுக்குக் காத்திருந்த காது அது. அறிவிப்பாளர் ஒயரெல்லாம் அறுந்து தொங்க எழுந்து நின்றார். ஒயர் மாட்டியிருந்த கருவி உருண்டது. இயக்குநரின் கருப்புக் கண்ணாடி கழன்று விழுந்தது. அவர் எதிரே, பூவால் அலங்கரித்த பலகையில், மணமக்கள் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் தேதி இருந்தது. கண்ணை மூடிக்கொள்வதற்குள் படித்துவிட்டார். ஓய்வு பெற வேண்டிய நாளிலிருந்து எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கை விரல் போதாமல் போகவே, காலி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

அறிவிப்பாளர் அதையெல்லாம் பார்க்கவில்லை. நீட்டிய கையோடு நின்ற மகளைத்தான் பார்த்தார்.  தெரிந்த வார்த்தை அவருக்கு ஒன்றே ஒன்றுதான். எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியும் ஒரு தடவைகூடப் பட்டு உணராத அந்த வார்த்தை, இந்தத் தடவை மைக் இல்லாமல் வெளியே வந்தது.

“தாமதத்திற்கு வருந்துகிறேன்.”

மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“சரி சரி, அதான் வண்டி வந்துடுச்சில்ல?” என்று மனைவி விசிலை இடுப்பில் செருகிக்கொண்டாள். “கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு மேல ஏறி நில்லுங்க.”